வளர்ப்பு எலி, ஹாம்ஸ்டர் கூண்டுகளின் வரலாறு

தென்காசி மாவட்டம் கடையநல்லூரைச் சுற்றியுள்ள நெல்வயல் வரப்புகளில் எலிவளைகளைக் காண்பது புதிதல்ல. தமிழகத்துப் புன்செய்க் காடுகளில் வாழும் வெள்ளெலியும் வளை தோண்டியே வாழ்கிறது. பகல் வெயிலை மண்ணுக்குள் கழித்து இரவில் இரை தேடும். ஆபத்து வந்தால் தப்பிச் செல்ல வளைக்கு வேறு வாய்களும் உண்டு. வீட்டில் வளர்க்கப்படும் ஹாம்ஸ்டரையும் வெள்ளை எலியையும்கூட மக்கள் 'வெள்ளெலி' என்றே சொல்கின்றனர். மூன்றும் வெவ்வேறு விலங்குகள். பெயர் ஒன்றாகிப் போனது போலவே இவற்றுக்கான கூண்டும் ஒன்றாகிப் போனது. அந்தக் கூண்டின் வரலாறு பெரும்பாலும் ஆய்வகங்களில் நடந்தது.

எலியைச் செல்லப்பிராணியாக்கியவர்களுள் முதலில் குறிப்பிடத்தக்கவர் 19ஆம் நூற்றாண்டு இலண்டனில் எலிபிடித் தொழில் செய்த ஜாக் பிளாக். வெள்ளையும் பல நிறமுமான எலிகளைப் பெருக்கி விற்றவர். அவற்றை வாங்கிய பெண்கள் அணில் கூண்டுகளில் வைத்து வளர்த்ததாக ஹென்றி மேஹியூவின் இலண்டன் பற்றிய நூலில் செய்தி உள்ளது. எலிக்கெனத் தனிக் கூண்டு இல்லாததால் அணிலுடையதைக் கொடுத்தனர். 1901இல் எய்ல்ஸ்பரியில் நடந்த கண்காட்சியில் முதன்முறையாக எலிகளுக்கும் போட்டிப் பிரிவு அமைந்தது.

அதே காலத்தில் வெள்ளை எலி ஆய்வகத்துக்குள்ளும் நுழைந்தது. இவ்வகையில் தமிழ்நாட்டுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஊட்டச்சத்து ஆய்வு செய்த ராபர்ட் மெக்காரிசன் 1920களிலும் 1930களிலும் அங்கே பெரும் எலிக்கூட்டத்தைப் பேணினார். அவரது ஆய்வகமே பின்னர் ஐதராபாத்துக்கு மாறி தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, பால் ஆகியவற்றோடு எப்போதாவது இறைச்சியும் பெற்ற எலிகள் நோயின்றி வாழ்ந்தன. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரைத் தேநீர், டின் இறைச்சி, ஜாம் ஆகியவற்றில் வளர்ந்த மற்றொரு குழு அறுபதாம் நாள் அளவில் தம்முள் மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கியது. மிஞ்சியவற்றைப் பிரித்து வைக்க வேண்டியதாயிற்று.

இவ்வாய்வை உணவின் வெற்றியாகவே எல்லோரும் எழுதுகின்றனர். அது சரியே. ஆனால் காற்றோட்டம், வெளிச்சம், தூய்மை ஆகியவை எல்லாக் குழுக்களுக்கும் ஒன்றாக இருந்ததால்தான் உணவின் விளைவு தனித்துத் தெரிந்தது. அழுக்குக் கூண்டில் அடைத்திருந்தால் எலிகள் எதனால் நோயுற்றன என்று சொல்லவே முடிந்திராது. குன்னூர் மலையின் குளிர்ச்சியும் துணை நின்றிருக்க வேண்டும்.

ஹாம்ஸ்டரின் கதை கூண்டின் தோல்வியிலிருந்து தொடங்குகிறது. வங்காளத்தையும் அசாமையும் வாட்டிய காலா அசார் நோயை ஆராய, எளிதில் இனம்பெருக்கும் விலங்கு ஒன்று எருசலேமின் ஆய்வாளர் சால் ஆட்லருக்குத் தேவைப்பட்டது. அதைத் தேடிச் சென்ற விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி 1930இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டித் தாயையும் குட்டிகளையும் எடுத்தார். தாய் ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றது. எபிரேயப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த ஒன்பது குட்டிகளை மரத்தளம் கொண்ட கூண்டில் விட்டனர். ஓர் இரவில் ஐந்து குட்டிகள் மரத்தைக் கொறித்து ஓடி மாண்டன.

மிஞ்சியவற்றை இணைசேர்ப்பதும் எளிதாக இல்லை. விலங்குக் கூடத்தைக் கவனித்த பென் மெனாகெம் ஒரு வலைக்கம்பிக் கூண்டு முழுவதும் வைக்கோலை இறுக்கித் திணித்து, மேலே வெளிச்சம் புகச் சிறிது இடம் மட்டும் விட்டார். பெண் ஹாம்ஸ்டர் உள்ளே குடைந்து சென்றது. அங்கேதான் இனப்பெருக்கம் தொடங்கியது. உலகெங்கும் வீடுகளில் உள்ள பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அந்த வைக்கோல் வளையின் சந்ததிகள். வியப்பு என்னவென்றால், கடைக் கூண்டுகளில் வைக்கோல் காணாமல் போய்க் கம்பியும் சக்கரமும் மட்டும் நிலைத்துவிட்டன.

இதைத் திருத்த அறிவியலுக்குப் பல ஆண்டுகள் ஆயின. 1947இல் கனடா உளவியலாளர் டொனால்ட் ஹெப், தம் வீட்டில் செல்லமாக வளர்ந்த எலிகள் ஆய்வகக் கூண்டு எலிகளைவிடப் புதிர்வழிச் சோதனைகளில் மேம்பட்டிருந்ததை அறிவித்தார். 1967இல் மென்மர வகைகளின் மரத்தூள் விரிப்பு, எலிகளின் கல்லீரல் நொதிகளை மாற்றுவது கண்டறியப்பட்டது. இயற்கையில் ஹாம்ஸ்டர் வளைகள் 36 முதல் 106 செ.மீ. வரை ஆழமுள்ளவை என 2001இல் வெளியான சிரியக் கள ஆய்வு காட்டியது. 2006இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 10, 40, 80 செ.மீ. ஆழ விரிப்புகளில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்தனர். 10 செ.மீ. விரிப்பில் இருந்தவை மிகுதியாகக் கம்பியைக் கடித்தன, 80 செ.மீ. விரிப்பில் அப்பழக்கமே காணப்படவில்லை. கம்பி கடிப்பதை விளையாட்டு என்று எண்ணி மகிழ்வோர் இன்றும் உள்ளனர்.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அசைந்து நடமாடப் போதிய நீள அகல உயரம் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் ஹாம்ஸ்டரையும் எலி வகைகளையும் பெயர் சொல்லியே செல்லப்பிராணிகளில் சேர்த்துள்ளன.

சட்டம் வெயிலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடையநல்லூர் போன்ற ஊர்களில் அதுவே முதல் கேள்வி. சாரல் காலத்தில் இதமாக இருக்கும் அதே அறை, சித்திரையில் தகரக் கூரையின் கீழ் சூளையாகிவிடும். எலி கூட்டமாக வாழ்வது; அதற்குத் துணை வேண்டும், காற்றோட்டமுள்ள உயரமான கூண்டு வேண்டும். வளர்ந்த பொன்னிற ஹாம்ஸ்டரைத் தனியே வைக்க வேண்டும், இல்லையேல் சண்டையில் ஒன்று மாளும். இரண்டுக்கும் வெறுங்கம்பித் தளம் பாதத்தைப் புண்ணாக்கும். ஆழமாகப் பரப்பிய காகிதத் துண்டுகளும், அதில் பாதி புதைத்த மெருகிடாத ஒரு சிறு மண்பானையும் இருந்தால் ஹாம்ஸ்டர் பகல் முழுவதும் உள்ளே கிடக்கும்.