வாஞ்சூர்ல ஏன் விலை கம்மி?

நாகூர்ல நல்ல ஒயின்ஷாப் எங்க இருக்கு, விலை கட்டுப்படியாகுமான்னு வெளியூர்லேருந்து வர்றவங்க கேட்டா, எங்க பக்கத்து ஆளுங்க பேசாம வடக்கே கையைக் காட்டுவாங்க. காரைக்கால் ரோட்டுல கொஞ்ச தூரம் போனா வாஞ்சூர். அது நாகப்பட்டினம் மாவட்டம் இல்லை, புதுச்சேரி மாநிலம். அதே வயல், அதே உப்புக்காத்து, அதே தமிழ். சோதனைச்சாவடிக்கு அந்தப்பக்கம் வரிசையா கடை. நம்ம ஊர் டாஸ்மாக்ல விக்கிறதைவிட பாட்டில் விலை கணிசமா கம்மி. கையைக் காட்டுறது சுலபம். அந்தக் கோடு எப்படி வந்துச்சுன்னு கேட்டா பாதிப்பேருக்குத் தெரியாது. அதுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்த வார்த்தை. ஒயின்ஷாப்னு சொல்றோமே தவிர, அங்க ஒயின் கேட்டு வர்றவங்க ரொம்பக் குறைச்சல். விக்கிறதெல்லாம் பிராந்தி, ரம், விஸ்கி, பீர். திராட்சைச் சாறைப் புளிக்கவச்சாத்தான் ஒயின். நம்ம குவார்ட்டர் பெரும்பாலும் சர்க்கரை ஆலையில மிஞ்சுற கழிவுப்பாகுலேருந்து காய்ச்சின சாராயத்துக்கு நிறமும் மணமும் சேர்த்தது. அதாவது கரும்புக் கொல்லையோட கடைசிப் பிள்ளை. எங்க அப்பா காலத்து ஆளுங்க ‘பிராந்திக் கடை’ன்னுதான் சொல்வாங்க. அதுதான் சரியான பேர்.

ஆனா நிஜமான ஒயின் இந்தக் கரைக்கு வந்ததே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கிண்ணத்துல ஊத்திக் கொடுக்கற காட்சி புறநானூற்று 56ஆம் பாட்டுல வருது. புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டைத் தோண்டினப்ப, மத்தியதரைக் கடல் நாடுகளோட மதுச்சாடி உடைசல்கள் கிடைச்சுது. நம்ம கடற்கரையிலேயே இன்னும் வடக்கே இருக்கற காவிரிப்பூம்பட்டினத்துல கள் விக்கிற இடத்துல கொடி கட்டியிருந்ததைப் பட்டினப்பாலை சொல்லுது. இன்னிக்கு பச்சை போர்டு, அன்னிக்கு கொடி, அவ்வளவுதான்.

கோட்டுக்கு வர்றேன். நாகப்பட்டினத்தை 1658ல போர்த்துக்கீசியர்கிட்டேருந்து டச்சுக்காரங்க பிடிச்சாங்க, 1781ல அவங்ககிட்டேருந்து இங்கிலீஷ்காரங்க பிடிச்சாங்க. காரைக்கால் 1739ல தஞ்சாவூர் மராட்டிய ராஜ்யத்துலேருந்து பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போச்சு. ராஜாக்களும் கம்பெனிக்காரங்களும் அடிச்சுக்கிட்டு, கொடுத்து வாங்கினதுல மிஞ்சினதுதான் இந்த எல்லை. வாய்க்கால் ஒரு பக்கம், வடிகால் இன்னொரு பக்கம்னு இன்னிக்கும் விவசாயிக்கு அவஸ்தைதான். தண்ணிக்குக் கோடு தெரியாது. பாட்டிலுக்கு மட்டும் நல்லாத் தெரியும்.

வெள்ளைக்காரன் காலத்துல ரெண்டு பக்கமும் குடி இருந்துச்சு. சென்னை மாகாணத்துல 1886 ஆப்காரி சட்டப்படி கடைகளை ஏலம் விட்டு காசு பார்த்தாங்க. 1937ல ராஜாஜி முதல்ல சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டுவந்தார். கள்ளு, சாராய வருமானம் போனா கஜானாவுக்கு என்ன வழி? 1939ல விற்பனை வரின்னு ஒண்ணைப் போட்டார். நம்ம மளிகைக்கடை ரசீதுல வரி ஏறினதுக்கு ஆரம்பக் காரணம், குடியை நிறுத்தினதுதான். இப்ப அந்தக் கதை எப்படித் திரும்பிடுச்சு பாருங்க. 2017ல ஜி.எஸ்.டி. வந்தப்ப குடிக்கிற மதுவை அதுக்கு வெளியில விட்டாங்க. மாநில அரசு தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கக்கூடிய வரிகள்ல பெருசு இது. குடியை ஒழிக்கப் பிறந்த வரி குடியிலேருந்தே வருது.

1948 அக்டோபர் 2ஆம் தேதியோட மாகாணம் முழுக்க மதுவிலக்கு. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சி. அன்னியிலேருந்துதான் வாஞ்சூருக்கு மவுசு. பிரெஞ்சு எல்லைக்குள்ள இந்தச் சட்டம் இல்லை. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரங்க கிளம்பிட்டாங்க. பிரான்ஸ் காரைக்காலை விட்டுப் போனாலும் பிராந்தி விட்டுப் போகலை. யூனியன் பிரதேசமா ஆனபிறகும் அங்க மதுவிலக்கு வரலை. இந்தப் பக்கம் கருணாநிதி ஆட்சியில 1971ல கடை திறந்து, 1973, 74ல மறுபடி மூடினாங்க. எம்.ஜி.ஆர். ஆட்சியில 1981ல கள்ளும் சாராயமும் வந்துச்சு, 1987 ஜனவரியில போச்சு. 1990ல மலிவு விலை மதுன்னு வந்து, 1991ல ஜெயலலிதா வந்ததும் போச்சு. இவ்வளவு திறப்பும் பூட்டும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் கடை பாட்டுக்குக் கடை.

டாஸ்மாக் 1983ல ஆரம்பிச்சப்ப மொத்த வியாபாரம் மட்டும்தான். சில்லறைக் கடை தனியார்கிட்ட. சாமி பேரை வச்சு ‘ஒயின்ஸ்’னு போர்டு தொங்கினது அந்தக் காலம்தான். 2003 நவம்பர் கடைசியில சில்லறையையும் அரசே எடுத்துக்கிச்சு. அந்த 2003-04ல மதுவிலிருந்து வந்த வருமானம் 3,639 கோடி. 2023-24ல 45,855 கோடி. நம்ம நெல்லுக்கு விலை இப்படி ஏறியிருந்தா நான் இதை எழுதிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஏன் அங்க கம்மின்னா பதில் சின்னது. புதுச்சேரியில ஆயத்தீர்வை கம்மி, கடை தனியார்கிட்ட, ஒருத்தருக்கொருத்தர் போட்டி. இங்க வரி மேல வரி, விக்கிறது ஒரே முதலாளி. ஒரு தடவை மட்டும் வாஞ்சூர் தோத்துச்சு. 2020 மே மாசம் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு புதுச்சேரியில கடை திறந்தப்ப, தமிழ்நாட்டு விலைக்குச் சமமா வர்ற மாதிரி கொரோனா வரி போட்டாங்க. எல்லை தாண்டி கூட்டம் வரக்கூடாதுங்கறது நோக்கம். அடுத்த வருஷம் வரியை எடுத்ததும் பழையபடி பைக்குங்க வடக்கே திரும்பிடுச்சு.

பட்டணத்துல இருக்கறவங்களுக்கு இது வேடிக்கையா இருக்கலாம். கூலிக்காரனுக்கு இது கணக்கு. 2024 பிப்ரவரியில இங்க குவார்ட்டருக்கு 10 ரூபாய் ஏத்தினப்ப, சாதா சரக்கே 140 ஆச்சு. தினம் ஒண்ணுன்னா மாசம் 4,200. வீட்டுல பொண்டாட்டி நடவுக்குப் போய் சம்பாதிக்கிறது அதுக்கே சரியாப் போகும். அதனால வேலை முடிஞ்சதும் மூணு பேர் ஒரே வண்டியில வாஞ்சூர். மிச்சம் பிடிக்கத்தான் போறான். ஆனா விலை கம்மின்னு ஒண்ணு ரெண்டாகும். கையில கொண்டுவந்தா சோதனைச்சாவடியில மாட்டுவான், வண்டியும் போகும். அதனால அங்கேயே குடிச்சுட்டு, ராத்திரி லாரி ஓடுற ரோட்டுல திரும்பி வர்றான். எங்க சுத்துவட்டாரத்துல அப்படிப் போய்த் திரும்பி வராதவங்க வீட்டுல நான் பந்தல் போட்டிருக்கேன். ஒருதரம் இல்லை.

அதுக்கும் வழியில்லாதவன் பாக்கெட் சாராயத்துக்குப் போறான். 2023 மே மாசம் மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரம். கள்ளக்குறிச்சியில மட்டும் 65 பேருக்கு மேல செத்தாங்க. அதுல கலந்தது மெத்தனால். அது பெயிண்ட், ரசாயனத் தொழிலுக்கு வாங்கற சரக்கு. உடம்புக்குள்ள போனா அமிலமா மாறி முதல்ல கண்ணைத்தான் பறிக்கும். பாக்கறதுக்கும் மோந்து பாக்கறதுக்கும் ரெண்டு சாராயத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கடையை மூடுறது ஒண்ணும் நடக்கலைன்னு சொல்ல மாட்டேன். 2016ல 500, 2017ல 500, 2023 ஜூன்ல 500 மூடினாங்க. நெடுஞ்சாலையிலேருந்து 500 மீட்டருக்குள்ள கடை கூடாதுன்னு 2016 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொன்னப்ப, 2017ல ரோட்டோரக் கடையெல்லாம் கிளம்பி ஊருக்குள்ள, வயல்வெளிக்குள்ள வந்துச்சு. பல ஊர்ல பொம்பளைங்க மறிச்சாங்க. அந்த மாதிரி ஒரு கடை எங்க களத்துக்குப் பக்கத்து வாய்க்கால் ஓரம் கொஞ்சநாள் இருந்துச்சு. கடை போயிருச்சு, கண்ணாடி போகலை. இன்னிக்கும் உழவு ஓட்டினா பாட்டில் சில்லு மேல வரும். நாத்து நடற பொம்பளைங்க செருப்பு போட்டுக்கிட்டு சேத்துல இறங்க முடியுமா? காலைக் கிழிச்சுக்கிட்டு வரப்புல உட்காருவாங்க. நீலகிரியில நீதிமன்றம் சொல்லி, பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர்றதை 2022ல ஆரம்பிச்சாங்க. யானைக்கு வந்த யோகம். அது எங்க காலுக்கும் முன்னாடியே வந்திருக்கணும்.

எனக்கு ஆறாத விஷயம் கள்ளுதான். என் வரப்புல நிக்கிற பனையில கள் இறக்கினா 1987லேருந்து குத்தம். வாஞ்சூர் தாண்டிப் போனா அதே பனையில, லைசென்ஸோட, கள்ளுக்கடை. கேரளாவிலயும் அப்படித்தான். கள்ளு குடிச்சா குடி இல்லையான்னு கேட்பீங்க. குடிதான். ஆனா அந்தக் காசு மரம் ஏறுறவனுக்கும் மரத்துக்காரனுக்கும் வரும், கழிவுப்பாகு காய்ச்சுற ஆலைக்குப் போகாது. 2017ல தென்னையிலேருந்து நீரா இறக்க சட்டத்தைத் திருத்தினாங்க. அடுத்த வருஷம் நவம்பர்ல கஜா புயல் வந்து தென்னையே சாஞ்சுது.

எங்க தெருவுல கடைசியா பனை ஏறத் தெரிஞ்ச பெரியவர் சீசன்ல திருமலைராயன்பட்டினம் பக்கம் போய் ஏறிட்டு வருவார். இங்க ஏறினா கேஸ், அங்க ஏறினா கூலி. இப்ப முட்டி வலி, விட்டுட்டார். அவர் மகன் வேன் ஓட்டுறான், ஏறத் தெரியாது. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021ல அரசு சொல்லிடுச்சு. அதனால மரம் நிக்குது. ஏறத்தான் ஆள் இல்லை.