செக்ரட்டரி கார்: ஏல மேடை எழுதும் வரலாறு

2020 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள கிசிம்மி நகரில், மீகம் நிறுவனம் நடத்திய ஏலத்தில், ஒரு பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் 34 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குத் தரவேண்டிய பத்து சதவீதக் கட்டணத்தையும் சேர்த்தால் 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். அதற்கு முன் ஏலத்தில் எந்த மஸ்டாங்கும் இந்த விலையைத் தொட்டதில்லை. 1968இல் வெளிவந்த ‘புல்லிட்’ படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய வண்டி அது. நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஒருவர் 1974இல் அதை 6,000 டாலருக்கு வாங்கினார். 1977இல் மெக்வீனே கடிதம் எழுதிக் கேட்டும் அவர் விற்கவில்லை. பல ஆண்டுகள் மறைந்து கிடந்த வண்டியை 2018இல் அவருடைய மகன் உலகுக்குக் காட்டினார்.

நடிகர், தந்தை, மகன் என்று இந்தக் கதை மூன்று ஆண்களைக் கொண்டு சொல்லப்படுகிறது. நான்காவதாக ஒரு பெண்ணும் இருக்கிறார். வாங்கியவரின் மனைவி பள்ளி ஆசிரியை. அந்த மஸ்டாங்கை ஓட்டிக்கொண்டுதான் அவர் வேலைக்குப் போனார். 1980இல் கிளட்ச் பழுதாகி நிற்கும்வரை அது ஒரு வீட்டின் அன்றாட வண்டி. புதுப்பிக்கப்படாமல், பழைய தேய்மானத்தோடு வந்ததும் அதன் விலை ஏறியதற்கு ஒரு காரணம். அந்தத் தேய்மானத்தில் ஓர் ஆசிரியை பள்ளிக்குப் போய்வந்த நாட்களும் சேர்ந்திருக்கின்றன. செய்திகளில் அது ஒரு சுவையான துணுக்காக வந்துபோனது.

பழைய கார்களின் ஏலப் பட்டியல்களை நான் வரலாற்று ஆவணங்களாகப் படிக்கிறேன். எதை நினைவில் வைக்க வேண்டும், எதை மறக்கலாம் என்று அவை விலையின் மொழியில் சொல்கின்றன. ‘மசில் கார்’ எனப்படும் வண்டிகளின் ஏலத்தில் இது மிக வெளிப்படையாகத் தெரியும்.

நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரின் உடலில் மிகப் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தினால் அது மசில் கார். 1964இல் வந்த பாண்டியாக் ஜிடிஓவிலிருந்து இந்தக் காலத்தைக் கணக்கிடுவது வழக்கம். அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று மஸ்டாங் அறிமுகமானது. பத்தே ஆண்டுகளில் ஆட்டம் முடிந்துவிட்டது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகை தொடர்பான சட்டங்கள் இறுகின, 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மிஞ்சிய வண்டிகள் இன்று ஏல மேடைக்கு வருகின்றன.

மேடையில் விலையை முடிவு செய்வது காகிதமும் எண்ணும். தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின்தான் இருக்கிறதா, முதல் விற்பனைச் சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிரைஸ்லர் கார்களில் தயாரிப்புத் தாள் சில சமயம் இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்குள்ளேயே சிக்கிக் கிடக்கும். அதைக் கண்டெடுப்பவருக்கு அது புதையல். இருக்கை உறை தைக்கும் பிரிவுகள் கார் தொழிலில் நெடுங்காலம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டவை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

அறுபதுகளின் மஸ்டாங்கில் அடையாள எண்ணின் ஐந்தாவது இடத்தில் உள்ள எழுத்து எஞ்சினைக் குறிக்கும். ‘கே’ என்றால் 289 கன அங்குல உயர்திறன் எஞ்சின். சேகரிப்பாளர்கள் துள்ளிக் குதிப்பார்கள். ‘டி’ என்றால் 200 கன அங்குல ஆறு சிலிண்டர். ஆர்வம் அங்கேயே வடிந்துவிடும். இந்த ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பட்டப்பெயர் ‘செக்ரட்டரி கார்’. அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண் ஓட்டும் வண்டி என்பது அதன் பொருள். ஒரு பெண்ணின் வேலை, வண்டியின் விலையைக் குறைக்கும் அடைமொழியாகிவிட்டது.

பெண்கள் ஏன் அந்த வண்டியை வாங்கினார்கள்? வேகம் பிடிக்காது, பார்வைக்கு அழகாக இருந்தால் போதும் என்பது பழைய விடை. வரலாறு வேறு விடை தருகிறது. அறுபதுகளில் அமெரிக்காவில் முழுநேர வேலை பார்த்த ஆண் ஒரு டாலர் சம்பாதித்தால் பெண் சுமார் 59 சென்ட் சம்பாதித்தாள். வங்கிக் கடனுக்குப் போனால் கணவனின் கையெழுத்தோ தந்தையின் கையெழுத்தோ கேட்பார்கள். மனைவியின் வருமானத்தை முழுதாகக் கணக்கில் எடுக்காத வங்கிகள் இருந்தன. குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பாலினத்தையும் திருமண நிலையையும் காட்டிக் கடன் மறுக்கக்கூடாது என்ற சம கடன் வாய்ப்புச் சட்டம் 1974 அக்டோபரில்தான் வந்தது. அதற்குள் மசில் கார் காலமே முடிந்திருந்தது. அந்தப் பத்தாண்டு முழுவதும் பெண்கள் தம் பெயரில் கடன் வாங்குவதே போராட்டமாக இருந்தது.

மஸ்டாங் அதிகாரபூர்வமாக வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்பே, சிகாகோவில் 22 வயது ஆசிரியை ஒருவர் வானநீல நிற மஸ்டாங்கை வாங்கிவிட்டார். பொதுமக்களுக்கு விற்ற முதல் மஸ்டாங் அதுதான் என்று சொல்லப்படுகிறது. பணம் பெற்றோரிடம் வாங்கிய கடன். பெற்றோரால் கொடுக்க முடியாத பெண்களுக்குச் சம்பளத்துக்குள் அடங்கும் வண்டிதான் கதி. ஆறு சிலிண்டருக்கு விலையும் குறைவு, பெட்ரோல் செலவும் குறைவு.

ஃபோர்டு நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். ஹெலன் கர்லி பிரவுன் மணமாகாத பெண்களின் வாழ்க்கை பற்றி 1962இல் எழுதிய நூல் பரபரப்பாக விற்றது. 1966இல் ஃபோர்டு அந்த நூலின் தலைப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி, ‘செக்ஸ்’ இருந்த இடத்தில் ‘சிக்ஸ்’ என்று போட்டு, ஆறு சிலிண்டர் மஸ்டாங்குக்கு விளம்பரம் செய்தது. பெண்ணின் சுதந்திரத்தை விளம்பரத்தில் விற்றார்கள். அவளுக்குரிய சம்பளத்தையும் கடனையும் பற்றிப் பேச அங்கே இடமில்லை.

பேசியவர்கள் வேறு பெண்கள். அவர்களில் சிலர் கார் தொழிலாளர் சங்கத்திலேயே இருந்தார்கள். ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த டோரதி ஹேனரும் கரோலின் டேவிஸும் 1966இல் தேசியப் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் இருவர். பாண்டியாக்கும் மஸ்டாங்கும் உருவான தொழிலின் சங்கம், அந்தக் காலப் பெண்ணியத்தின் ஒரு பிறப்பிடமும்கூட. ஏலப் பட்டியல்கள் தொழிற்சாலையின் பெயரைச் சொல்லும். இந்தப் பெண்களைச் சொல்லாது.

வேகம் ஆண்களின் விருப்பம் என்ற கதையும் நிற்காது. 1966இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் டிராக் பந்தயத்தில், ஷெர்லி ஷஹான் பிளிமத் வண்டியில் ‘டாப் ஸ்டாக்’ பிரிவை வென்றார். ஷெர்லி மல்டவுனி 1977, 1980, 1982 ஆண்டுகளில் டாப் ஃபியூவல் சாம்பியன் ஆனார். வாய்ப்பும் வண்டியும் கிடைத்த இடத்தில் பெண்கள் வேகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்றைய சந்தையில் ‘அரிது’ என்ற சொல்லையும் சற்று அவிழ்த்துப் பார்க்க வேண்டும். 1971இல் ஹெமி எஞ்சினோடு திறந்த கூரை பிளிமத் குடா 11 வண்டிகள்தான் செய்யப்பட்டன. 2014இல் சியாட்டில் ஏலத்தில் அவற்றில் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைக்கு அதை வாங்க ஆளில்லை, அதனால்தான் இன்று அரிது. 1970இல் டாட்ஜ் நிறுவனம் ‘பேந்தர் பிங்க்’ என்ற பெயரில் பளிச்சென்ற இளஞ்சிவப்பு வண்ணத்தைக் கொடுத்தது. அந்த நிறத்தில் வந்த பெரிய எஞ்சின் வண்டிகளுக்கு இப்போது தனி மதிப்பு. பெண்ணுக்குரியது என்று சொல்லப்பட்ட நிறம், ஆண்களின் சேகரிப்பில் சேர்ந்தபோது விலையைக் கூட்டுகிறது. பெண் ஓட்டிய எஞ்சினோ விலையைக் குறைக்கிறது.

இதில் உண்மையான இழப்பு ஒன்று உண்டு. பழைய ஆறு சிலிண்டர் மஸ்டாங்குகள் பல, எஞ்சின் கழற்றப்பட்டு எட்டு சிலிண்டர் வண்டிகளாக மாற்றப்பட்டுள்ளன. புகழ்பெற்ற மாடலின் பிரதியாக மாற்றினால் லாபம். இப்படி உழைக்கும் பெண்கள் தம் காசில் வாங்கிய வண்டிகள், இருபது வயதுப் பையன்கள் அன்று கனவு கண்ட வண்டிகளாக உருமாறுகின்றன. அந்தப் பையன்கள் ஓய்வுபெறும் வயதில் கையில் பணத்தோடு ஏலத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய இளமையின் நினைவே இந்தச் சந்தையின் மூலதனம். அதே இளமை கொண்ட பெண்களுக்கு அந்தப் பணமும் சேரவில்லை, அவர்கள் நினைவுக்கு விலையும் வைக்கப்படவில்லை.

மாணவிகளுக்கு நான் சொல்வது இதுதான். ஏலப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். முதல் உரிமையாளர் யார், யாருடைய கையெழுத்தில் கடன் வந்தது, யார் அதை ஓட்டி எங்கே வேலைக்குப் போனார் என்று ஒவ்வொரு வண்டியிடமும் கேளுங்கள். எஞ்சினை மாற்றலாம், நிறத்தை மாற்றலாம். அடையாள எண்ணில் பொறித்த எழுத்தைச் சட்டப்படி மாற்ற முடியாது. எட்டு சிலிண்டர் எஞ்சினோடு உறுமிக்கொண்டு மேடையேறும் வண்டியின் ஐந்தாவது எழுத்து ‘டி’ என்று இருந்தால், அங்கிருந்து உங்கள் ஆய்வைத் தொடங்கலாம்.