கேட்டுப் பிடிப்பதா, பார்த்துப் பிடிப்பதா?

ஸ்மார்ட் மின்மீட்டர், தெருவிளக்குக் கட்டுப்பாட்டுக் கருவி, வயலில் நட்ட ஈரப்பத சென்சார் போன்றவை எல்லா இடங்களிலும் மையத்தோடு நேரே பேசுவதில்லை. பல வலையமைப்புகளில் ஒரு கருவி தன் செய்தியைப் பக்கத்துக் கருவியிடம் கொடுக்கிறது. அது அடுத்ததிடம் கொடுக்கிறது. யாரிடம் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க, இணையப் பொறியியல் பணிக்குழு 2012 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 6550 என்ற ஆவணத்தில் ஆர்.பி.எல். என்னும் நெறிமுறையை வெளியிட்டது. மையத்திலிருந்து தான் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை ஒவ்வொரு கருவியும் 'ரேங்க்' என்ற எண்ணாக அறிவிக்கும். எண் குறைந்த அண்டைக் கருவியை மற்றவை பெற்றோராக ஏற்றுக்கொள்ளும்.

இந்த ஏற்பாடு முழுவதும் கருவிகள் சொல்வதை நம்பியே நடக்கிறது. குறியாக்கம் வெளியாளைத் தடுக்கும். ஆனால் கம்பத்தில் தொங்கும் கருவியைக் கழற்றி அதற்குள்ளிருக்கும் சாவியை எடுத்துவிட்டவன் வெளியாள் அல்ல. அவன் கையிலுள்ள கருவி முறையான உறுப்பினராகவே பேசும், பொய் ரேங்க் சொல்லும், தன் வழியே வரும் செய்திகளை விழுங்கும். அதனால் பூட்டு மட்டும் போதாது, உள்ளே கண்காணிப்பும் வேண்டும் என்று ஆய்வாளர்கள் இறங்கினார்கள். அந்த முயற்சிகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது ஸ்வெல்ட். சுவீடனின் எஸ்.ஐ.சி.எஸ். நிறுவனத்தில் ஷாஹித் ராஸா, லினுஸ் வால்கிரென், தீமோ ஃபாய்ட் மூவரும் 2013இல் வெளியிட்டது. இரண்டாவது, யாவுஸ், உனால், குல் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆழ்கற்றல் முறை. முன்னது கருவிகளைக் கேட்டு விசாரிக்கிறது. பின்னது கருவிகளிடம் எதுவும் கேட்பதில்லை. செய்திப் போக்குவரத்தைப் பார்த்துப் பழகி, தாக்குதலின் சாயல் தெரியும்போது மணி அடிக்கிறது.

ஸ்வெல்ட்டின் விசாரணை எப்படி நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ரேங்க் ஒவ்வொரு தாவலுக்கும், அதாவது ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு படிக்கும், குறைந்தது ஒரு குறிப்பிட்ட அளவு கூட வேண்டும். இயல்பாக அந்த அளவு 256. மையம் 256 என்றால் அடுத்த வரிசை 512, பிறகு 768, பிறகு 1024 என்று வைத்துக்கொள்வோம். மையத்தோடு சேர்த்து நான்காம் வரிசையில் இருக்கும் ஒரு திருட்டுக் கருவி, 1024 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 512 என்று அறிவிக்கிறது. சுற்றியுள்ளவை அதை மையத்துக்கு நெருங்கியதாக நம்பித் தங்கள் செய்திகளை அதனிடம் திருப்பிவிடுகின்றன. இப்போது மையத்தில் இருந்து இணையத்தோடு இணைக்கும் எல்லை ரவுட்டர் எல்லாரிடமும் கேட்கிறது: உன் ரேங்க் என்ன, உன் பெற்றோர் யார், உன் அண்டைகள் யார், அவர்களின் ரேங்க் என்ன? திருட்டுக் கருவி 512 என்ற பொய்யையே திரும்பச் சொன்னால், அதன் பெற்றோர் 768 என்கிறது. பிள்ளையின் எண் பெற்றோரின் எண்ணைவிடக் குறைவாக இருக்க முடியாது. சரி, ரவுட்டரிடம் மட்டும் 1024 என்று உண்மையைச் சொல்லித் தப்பப் பார்த்தால், அண்டைகள் எல்லாம் எங்களிடம் 512 என்றது எனக் காட்டிக்கொடுக்கின்றன.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் விடை. எந்தக் கருவி, எந்த இரண்டு வாக்குமூலங்கள் முரண்படுகின்றன என்று அது காரணத்தோடு சொல்கிறது. பராமரிப்பு ஊழியர் ஏணியோடு போய் எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

குறையும் அங்கேயே இருக்கிறது. வானொலி இணைப்பு நிலையானதல்ல. வாக்குமூலங்கள் ஒரே நொடியில் வந்து சேர்வதுமில்லை. ஒரு நேர்மையான கருவி, அண்டை தன் எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகு பெற்றோரை மாற்றியிருக்கலாம். அப்போது அதுவும் பொய்யன்போலத் தெரியும். இதற்காகச் சிறிய வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ள ஓர் எல்லை வைக்க வேண்டியிருக்கிறது. அந்த எல்லைக்குள் அடங்கும் சின்னப் பொய்களுக்கு அது இடம் கொடுத்துவிடுகிறது. தாங்கள் உருவாக்கிச் சோதித்த தாக்குதல்களில் எல்லாத் திருட்டுக் கருவிகளும் பிடிபட்டன, ஆனால் சில பொய் எச்சரிக்கைகளும் எழுந்தன என்று ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒப்புதலுக்காகவே அந்தக் கட்டுரையை மதிக்கிறேன்.

ஆழ்கற்றல் முறைக்கு வருவோம். கான்டிக்கி இயங்குதளத்தோடு வரும் கூஜா சிமுலேட்டரில் 10 முதல் 1,000 வரை கருவிகள் கொண்ட வலையமைப்புகளை ஓட்டி, மூன்று தாக்குதல்களின் தரவை அவர்கள் திரட்டினார்கள். ரேங்க்கைக் குறைத்துச் சொல்வது ஒன்று, அறிமுகச் செய்திகளை வெள்ளமாக அனுப்புவது இன்னொன்று, வலையமைப்பின் பதிப்பு எண்ணை மாற்றுவது மூன்றாவது. வலையமைப்பில் ஓடிய செய்திகளின் பாக்கெட் பதிவிலிருந்து பண்புகளைப் பிரித்தெடுத்து நரம்பு வலையமைப்புக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கருவிகளின் நினைவகத்தைத் தொட வேண்டியதில்லை, கேள்வி பதிலுக்கென்று பேட்டரியும் செலவில்லை. விதி எழுதத் தோன்றாத ஒழுங்கையும் அது கண்டுகொள்ளக்கூடும். அறிமுக வெள்ளத்தைப் பொறுத்தவரை இதுவே சரியான கருவி. அங்கே எண்ணிக்கைதான் குற்றம்.

இவ்வகை ஆய்வுகளில் 99 சதவீதத் துல்லியம் என்ற எண் அடிக்கடி வரும். அதைப் படிக்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நாளை நிமிடம் நிமிடமாகப் பிரித்துச் சோதித்தால் 1,440 சோதனைகள். நூற்றுக்கு ஒன்று தவறினாலும், தாக்குதலே இல்லாத நாளில் 14 முறை மணி அடிக்கும். ஒரு வாரத்தில் அந்த மணியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், அந்தப் பாக்கெட் பதிவு எங்கிருந்து வந்தது என்பது. சிமுலேட்டருக்கு வலையமைப்பின் ஒவ்வொரு பாக்கெட்டும் கேட்கும். ஊருக்குள் எந்த ஒரு கருவிக்கும் அப்படிக் கேட்காது. எல்லை ரவுட்டருக்குத் தன்னைச் சுற்றியுள்ள வானொலி மட்டுமே எட்டும். ஐந்து தாவல் தள்ளி நடக்கும் பேச்சு அதன் காதில் விழாது. கூஜாவில் பரவலாகப் பயன்படும் வானொலி மாதிரியோ வட்டத்துக்குள் கேட்கும், வெளியே கேட்காது என்ற கணக்கில் நடப்பது. மழையும் லாரியும் அந்த உலகில் இல்லை. நியாயமாகச் சொன்னால் ஸ்வெல்ட்டும் இதே சிமுலேட்டரில்தான் சோதிக்கப்பட்டது. ஆனால் பிள்ளையின் எண் பெற்றோரின் எண்ணைவிடக் கூட வேண்டும் என்ற விதி நெறிமுறையிலேயே இருக்கிறது, எந்த ஊரிலும் மாறாது. எத்தனை பாக்கெட் இயல்பு என்ற பழக்கம் ஊருக்கு ஊர் மாறும்.

அந்தப் பழக்கம் நேரத்துக்கு நேரமும் மாறும். ஆர்.பி.எல். கருவிகள் அமைதியாக இருக்கும்போது அறிவிப்புகளுக்கு இடையிலான இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். கான்டிக்கியின் இயல்பு அமைப்பில் சுமார் 4 நொடியில் தொடங்கி 17 நிமிடத்துக்கு மேல் நீளும். மின்சாரம் போய்த் திரும்பினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கி அறிவிப்புகள் குவியும். பழக்கத்தை மட்டும் கற்ற கண்ணுக்கு அது தாக்குதல்போலத் தெரிய வாய்ப்பு அதிகம்.

ஆகவே ரேங்க் பொய்க்கு விசாரணையை நம்புவேன், வெள்ளத்துக்குக் கற்றலை நம்புவேன். பதிப்பு எண் தாக்குதல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அந்த எண்ணை உயர்த்தும் உரிமை மையத்துக்கு மட்டுமே உண்டு. வேறொரு கருவி உயர்த்தினால் வலையமைப்பு மொத்தமும் தன்னைக் கலைத்துக் கட்டத் தொடங்கும். நடந்தது தாக்குதல் என்பது மையத்துக்கு எளிதில் தெரியும். தான் உயர்த்தாத எண் வந்துவிட்டதே. யார் செய்தது என்பதுதான் தெரியாது, ஏனென்றால் சில நொடிகளில் எல்லாக் கருவிகளும் அதே புது எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். பிரான்சில் அந்தேயா மேசோவும் சகாக்களும் இதற்காக வலையமைப்பின் பல இடங்களில் தனிக் கண்காணிப்புக் கருவிகளை வைத்தார்கள். புது எண் எந்த அண்டையிடமிருந்து வந்தது என்று அவை மையத்துக்குத் தெரிவிக்க, மையம் அந்தச் சான்றுகளை ஒப்பிட்டு ஆளைக் குறுக்குகிறது. அங்கே பார்ப்பதும் கேட்பதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. கண்காணிப்புக் கருவி எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். தெருவிளக்குக் கம்பத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது, மின்மீட்டரிலும் இருக்கிறது. பேட்டரியில் ஓடும் வயல் சென்சார்களுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை.