விதி எங்கே எழுதியிருக்கிறது?

1856 ஜூன். தார்வார் அரசுப் பள்ளியில் சேர வந்த ஒரு மகர் சிறுவனைச் சாதியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். கட்டணம் கட்டத் தயாராக இருந்த அவன் பம்பாய் அரசுக்கு மனு போட்டான். நியாயம் அவன் பக்கம்தான் என்று அரசே ஒப்புக்கொண்டது. ஆனாலும், ஒருவனுக்காகப் பிற சாதி மாணவர்களின் படிப்பைக் கெடுக்க முடியாது என்று கைவிரித்தது.

1858இல் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள், அரசு செலவில் நடக்கும் பள்ளிகள் எல்லா வகுப்பாருக்கும் பொது என்று எழுதினார்கள். 1882இல் அமைந்த ஹண்டர் கமிஷன் அதே கொள்கையைத் திரும்பவும் வலியுறுத்த வேண்டியிருந்தது. விதி கோப்பில் இருந்தது, சேரி மக்களின் கையில் இல்லை. விதியை அறிந்தவர்களே வாசலையும் காத்தார்கள்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தப் பூட்டை உடைத்தது. ஒரு துறை தன் விதிகள், ஒழுங்குமுறைகள், கையேடுகளை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது அதன் 4ஆம் பிரிவு. கல்வித் துறைக்கும் இது பொருந்தும்.

"ரூல்ஸ்ல இடமில்லை" என்று பள்ளியில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள் தோழர்களே. எந்த விதி, எந்த அரசாணை என்று கேளுங்கள். நகலை எழுத்தில் வாங்குங்கள்.