படர்க்கைக்கு எழுதிய பத்திரம்

காப்பீட்டு முகவர் உரிமத் தேர்வுக்குப் படிப்போர் மோட்டார் காப்பீட்டுப் பாடத்தில் தடுமாறுவதுண்டு. எது யாருக்கு, எதற்கு எவ்வளவு என்பவற்றை மனப்பாடம் செய்வதால் வரும் தடுமாற்றம் அது. அதன் வரலாற்றை அறிந்தால் பாடம் தானே விளங்கும்.

நம் இலக்கணம் தன்மை, முன்னிலை, படர்க்கை என மூவிடம் கூறும். காப்பீடு எடுப்பவர் தன்மை, நிறுவனம் முன்னிலை, சாலையில் அடிபடும் அயலார் படர்க்கை. சட்டம் கட்டாயமாக்கியது இந்தப் படர்க்கைக்கான காப்பை மட்டுமே. நீதிமன்றம் இழப்பீடு விதித்தாலும் வண்டிக்காரரிடம் பொருள் இல்லையேல் அத்தீர்ப்பு வெறுந்தாள் அன்றோ? இக்குறையை நீக்க இங்கிலாந்து 1930இல் சட்டம் செய்தது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதனைப் பின்பற்றியது. எனினும் கட்டாயக் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலை 1 அன்றே நடைமுறைக்கு வந்தது. பின்னர் வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 146ஆம் பிரிவில் அக்கட்டாயத்தைத் தொடர்ந்தது.

இனி ஆரணிக்கு வருவோம். நெசவாளி ஒருவர் தம் மொபெட்டில் மனைவியைப் பின்னால் அமர்த்தி, முதலாளி தந்த பட்டுப் பாவை வீட்டிற்குக் கொண்டு செல்கிறார் எனக் கொள்வோம். வழியில் வண்டி சறுக்கி விழுகிறது. அவரிடம் இருப்பதோ மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்.

சாலையோரம் நடந்து சென்றவர் அடிபட்டிருந்தால் அவருக்கு இழப்பீடு உண்டு. ஓட்டிய உரிமையாளர் தமக்குத் தாமே படர்க்கை ஆகார். அவருக்கெனத் தனி விபத்துக் காப்பு வேண்டும். இருசக்கர வண்டிக்கு 1 இலட்சமாக இருந்த அத்தொகை 2018இல் 15 இலட்சமாக உயர்ந்தது. பின்னிருக்கையில் இருந்த மனைவியின் நிலைதான் துயரமானது. கட்டாயக் காப்பீடு மட்டும் உள்ள வண்டியில் கட்டணமின்றிப் பின்னே அமர்ந்து செல்பவருக்கு நிறுவனம் பொறுப்பன்று என உச்ச நீதிமன்றம் திலக் சிங் வழக்கில் 2006இல் கூறிற்று. முழுக் காப்பீடு எடுத்திருந்தால் பின்னிருப்பவரும் அதில் அடங்குவர் என ஒழுங்குமுறை ஆணையம் 2009இல் சுற்றறிக்கை வழி தெளிவுபடுத்தியது.

பாவு என்னாகும்? மூன்றாம் நபரின் பொருட்சேதத்திற்குக் காப்பு உண்டே எனலாம். பாவு முதலாளியுடையதுதான், ஆயினும் காப்பீடு எடுத்தவரின் பொறுப்பில் உள்ள பொருளைப் பத்திரம் விலக்கிவிடுகிறது. நெசவாளி அதற்குத் தாமே விடை சொல்ல வேண்டியவராகிறார்.

கோவை எலும்பு மருத்துவர் இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டுமென 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதனால் படர்க்கைக்கான காப்பு நீண்டது. குடும்பத்திற்கான காப்போ இன்றும் வாங்குபவரின் விருப்பம். தணிக்கையில் காட்டுவதற்கென்றே குறைந்த தொகைப் பத்திரம் கேட்பவரிடம், "பின்னால் யாரை ஏற்றிச் செல்வீர்கள்?" என்று முகவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவு தெரிந்தவரே அப்பாடத்தில் தேறியவர் என்போம்.