பட்பட்டியின் இரண்டாம் பிறப்பு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களைப் பிரிவினை அகதிகள் வாங்கி, பின்பாதியை வெட்டி, இருக்கைகள் பொருத்தித் தில்லியில் மூன்று சக்கர 'பட்பட்டி'களாக ஓட்டிய கதை பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது அதன் இரண்டாம் பிறப்பு.

பெட்ரோல் கட்டுப்படியாகாத நிலையில், அதே சட்டகத்தில் கிர்லோஸ்கர் டீசல் எஞ்சின் ஏறியது. 45 பாகைக் கோணத்தில் விரிந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுக்கு அளவெடுத்த சட்டகம் அது. வந்ததோ, சிமெண்ட் மேடையில் போல்ட்டிட்டு நிறுத்தி நீர் இறைக்கும் இனம். இரண்டையும் இணைக்கும் தாங்கிக்கு வரைபடம் தர எந்தத் தொழிற்சாலையும் இல்லை.

அத்தாங்கியின் சிக்கல் எளிதன்று. இறுகப் பற்றவைத்தால் அதிர்வு முழுதும் சட்டகத்தில் ஏறிப் பற்றவைப்பு விரியும். ரப்பர் வைத்து இளக்கினாலோ எஞ்சின் அசையும்; பற்சக்கரங்கள் நேர்கோடு தவறும்; சங்கிலி தேயும், கழலும். வெட்டி, ஒட்டி, ஓட்டிப் பார்த்து, மீண்டும் வெட்டித்தான் பட்டறைக்காரர்கள் அளவு கண்டிருக்க முடியும். ஏட்டில் ஏறாத அவ்வறிவுக்கு அத்தகடுகளே முதன்மைச் சான்று. வரலாறு எழுதுவோர் நினைவில் நின்றதோ ஹார்லியின் பெயர் மட்டும்.

'பட்பட்' ஒலிக்குறிப்புச் சொல். எஞ்சினோடு ஒலி மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. மொழியியலார்க்கு இது புதிதன்று.

உச்ச நீதிமன்றத்தின் மாசுக் கட்டுப்பாட்டு ஆணைகளை ஒட்டி, 1998இல் பட்பட்டிகள் தில்லித் தெருக்களிலிருந்து அகற்றப்பட்டன. பழைய ஹார்லி பாகங்களைத் தேடி வாங்குவோர் இன்றும் உண்டு.