சிசேரியன் பெருக்கம்: மருத்துவத் துறையினரின் விளக்கங்கள்

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் சிசேரியன் பிரசவங்கள் 2015-16இல் 34.1 விழுக்காடு, 2019-21இல் 44.9. இந்தப் பிந்தைய கணக்கில் அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. காரணம் கேட்டால் மருத்துவர்கள் பலர் குடும்பத்தைக் கைகாட்டுகிறார்கள்: பெண் வலி தாங்கமாட்டாள், நல்ல நேரம் குறித்தாயிற்று, ஏதாவது ஆனால் வழக்குப் போடுவார்கள். இவற்றில் உண்மை உண்டு. ஆனால் சிக்கலான பிரசவங்கள் பலவும் கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கே வந்து சேர்கின்றன. அப்படியிருந்தும் தனியாரில் விகிதம் இவ்வளவு கூடுதல் என்றால், கட்டணத்தையும், இரவெல்லாம் காத்திருக்க ஆளில்லாத பணியமைப்பையும் ஒதுக்கிவிட முடியாது.

கடலாடி வட்டத்து வாலிநோக்கம் போன்ற கடலோர ஊர்களை முன்வைத்து எழும் எதிர்வாதம் வலுவானது: ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 108இல் போய்ச் சேரவே நேரமாகும்போது, முன்கூட்டி அறுப்பதுதானே பாதுகாப்பு? இது அவசரமாக அனுப்புவதையும் அவசரமாக அறுப்பதையும் குழப்புகிறது. கருப்பைவாய் விரிவதை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை குறிக்கும் பிரசவ வரைபடத்தில் கோடு எச்சரிக்கை எல்லையைத் தாண்டினால், செவிலியரே அனுப்பிவைக்கலாம். மேலும், ஒருமுறை அறுக்கப்பட்டவர் அடுத்த பேற்றுக்கு அறுவை அரங்கு உள்ள இடத்துக்கே போயாக வேண்டும். தேவையற்ற முதல் சிசேரியன் தூரத்துப் பெண்ணுக்குத்தான் கூடுதல் சுமை. தாய் இறப்பு குறைந்தது சிசேரியனால்தான் என்பாரும் உண்டு. ஆனால் கேரளத்தில் 2019-21இல் சிசேரியன் 38.9 விழுக்காடுதான், 2018-20இல் லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு அங்கே 19, தமிழ்நாட்டில் 54.